கறவை மாட்டுத் தீவனத்தில் விலங்குப் புரதம்: எல்லையோர மாட்டுக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சி, ஆனைமலை, கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழக-கேரள எல்லையின் இரு பக்கமும் கறவை மாடுதான் பல குடும்பங்களுக்கு வாரச் சம்பளம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் கோழிப்பண்ணை. அதனால் தேங்காய்ப் புண்ணாக்கும் கிடைக்கிறது, கோழித் தீவன மில்லுக்குப் போகும் மீன் தூளும் இறைச்சித் தூளும் இறகுத் தூளும் கிடைக்கின்றன. பின்னவற்றை "புரோட்டீன் பவுடர், பால் கூடும்" என்று சொல்லி மாட்டுக்காரர்களிடமும் சிலர் விற்கிறார்கள். அந்த மூட்டையில் எதை மாட்டுக்குக் கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது, கொடுப்பதானால் எந்த மாட்டுக்கு எத்தனை கிராம் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விலங்குப் புரதத்தில் அப்படி என்ன இருக்கிறது

மாடு தின்னும் புரதத்தில் பெரும்பகுதி ரூமன் என்கிற முதல் வயிற்றிலேயே உடைந்து அமோனியாவாகிவிடும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அந்த அமோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்ளும். அவை பிறகு குடலுக்குப் போய்ச் செரிக்கும்போது மாட்டுக்கு நல்ல புரதம் கிடைக்கும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

பதினைந்து லிட்டருக்கு மேல் போகும்போது நுண்ணுயிரிப் புரதம் மட்டும் ஈடுகொடுக்காது. ரூமனில் உடையாமல் தப்பி நேராகக் குடலுக்குப் போகும் பைபாஸ் புரதம் தேவைப்படுகிறது. கடலைப் புண்ணாக்கில் புரதம் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்தும் அதில் முக்கால்வாசி ரூமனிலேயே கரைந்துவிடும். மீன் தூளிலோ ஐந்தில் மூன்று பங்கு தப்பிப் போகும். பால் புரதம் உருவாகப் பெரும்பாலும் குறைவாக இருப்பவை லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள். மீன் தூளில் இரண்டுமே நிறைவாக உண்டு. வேறு மாயம் எதுவும் அதில் இல்லை. பைபாஸ் புரதம் குறைவாக இல்லாத மாட்டுக்கு மீன் தூள் போட்டால், காசு சாணியிலும் மூத்திரத்திலும் போகும்.

படி 1: தொடக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

இறைச்சி-எலும்புத் தூள், ரத்தத் தூள், மாடு, பன்றி ஆகியவற்றின் உள்ளுறுப்பு அல்லது திசுவிலிருந்து வந்த எதுவும் கறவை மாட்டுக்குக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: கோழி, பன்றி, மீன் தவிர்த்து, பாலும் இறைச்சியும் தரும் விலங்குகளுக்கு இவை கலந்த தீவனம் கொடுக்கக் கூடாது. பாலும் பால் பொருளும் மட்டும் விலக்கு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1986ல் பிரிட்டனில் மாடுகளின் மூளையைப் பஞ்சுபோல் துளைக்கும் பி.எஸ்.இ. என்ற "பைத்திய மாட்டு நோய்" கண்டுபிடிக்கப்பட்டது. செத்த மாடுகளின் இறைச்சியையும் எலும்பையும் வேகவைத்து அரைத்த தூளை மாட்டுக்கே தீனியாகக் கொடுத்ததுதான் அது பரவிய வழி. நோயை உண்டாக்கும் பிரியான் என்பது கோணலாகிப்போன ஒரு புரதம். தூள் தயாரிக்கும் ஆலையின் சாதாரணச் சூட்டுக்கு அது முழுவதும் அழியாது. 1988ல் அங்கே அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். அதன் பிறகும் நோய் நிற்கவில்லை. கோழிக்கும் பன்றிக்கும் அரைத்த அதே மிஷினில் மாட்டுத் தீவனமும் அரைத்ததால் மிச்சத் தூள் கலந்துகொண்டே இருந்தது. நோய்பட்ட மூளைத் திசு ஒரு கிராமுக்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே மாட்டுக்குத் தொற்ற அது போதும். நோய் வெளியே தெரிய நாலைந்து வருஷம் ஆகும். பிரிட்டனில் மட்டும் 1,80,000 மாடுகளுக்கு மேல் பாதிக்கப்பட்டன. 1996ல் மனிதருக்கும் வருகிறது என்று அறிவித்தார்கள். இந்தியாவில் இந்த நோய் பதிவானதில்லை. வராமல் இருக்க வேண்டுமென்றால் இந்த ஒரு விஷயத்தில் நெகிழ்வே கூடாது.

சட்டத்தைவிட, கவனக்குறைவில்தான் நம் பகுதியில் ஆபத்து வருகிறது. அது வரும் வழிகள் நான்கு.

பண்ணையில் பேட்ச் முடிந்ததும் மிஞ்சும் பிராய்லர் தீவனத்தை மலிவாக வாங்கி மாட்டுக்குப் போடுவது முதல் வழி. கோழித் தீவனத்தில் இறைச்சித் தூள் இருக்கலாம், அது அங்கே தடையில்லை. கோழிக்கான மருந்துகளும் சேர்ந்திருக்கும். அவை பாலில் வரலாம்.

கோழிக் கூளத்தைக் காயவைத்துத் தீவனத்தில் கலப்பது இரண்டாவது. சிந்திய கோழித் தீவனமும், மருந்து மிச்சமும், சில நேரம் செத்த குஞ்சின் உடலும் அதில் கிடக்கும். அழுகிய உடலிலிருந்து பாட்டுலிசம் விஷம் வந்தால் மாடு பின்னங்கால் தளர்ந்து, நாக்கு தொங்கி, இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். கூளம் வயலுக்கு நல்ல உரம். வயலோடு நிற்கட்டும்.

மூன்றாவது, கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் ஒரே மிக்ஸரில் ஓடும் சின்ன மில். அரைக்கக் கொடுக்கும் முன்பு, "இதுக்கு முன்னாடி என்ன ஓட்டினீங்க?" என்று கேளுங்கள். கோழித் தீவனம் என்றால், உங்கள் சரக்குக்கு முன் இருபது கிலோ தவிடு ஓட்டி அதைத் தனியே எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தத் தவிடு கோழிக்குப் போகட்டும். இப்படிச் செய்தாலும் மிச்சம் முழுவதும் போய்விட்டது என்று உறுதி சொல்ல முடியாது. முடிந்தால் மாட்டுத் தீவனம் மட்டும் ஓட்டும் மில்லுக்கே போய்விடுவது நல்லது.

நான்காவது தாது உப்பு. பை மேல் டைகால்சியம் பாஸ்பேட் என்று போட்டிருந்தாலும் அது பாறையிலிருந்து வந்ததா எலும்பிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

இறகுத் தூள் மாடு, பன்றி வகையில் வராது. ஆனாலும் எங்கள் கருத்து, அது வேண்டாம். புரதம் எண்பது சதவீதம் என்று காட்டும், ஆனால் லைசினும் மெத்தியோனினும் மிகக் குறைவு. நன்றாக வேகவைக்காத இறகு குடலிலும் செரிக்காது. கோழிக் கழிவுத் தூளுடன் கலந்து வருவதும் சகஜம்.

ஆக, வளர்ந்த கறவை மாட்டுக்கு மிஞ்சுவது மீன் தூள் ஒன்றுதான். மேலே சொன்ன விதியின் வாசகத்தில் மீன் தூள் வராது. ஆனால் ஐரோப்பிய நாடுகள் வளர்ந்த மாட்டுக்கு அதையும் அனுமதிப்பதில்லை. மீன் தூளுக்குள் இறைச்சித் தூளைக் கலந்து விற்றால் கண்டுபிடிப்பது கடினம் என்பதுதான் காரணம். நாமும் அதை மனதில் வைத்தே வாங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பால் கோவில் அபிஷேகத்துக்குப் போகலாம். மீன் தின்ற மாட்டின் பால் வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளுக்கும் போகலாம். அவர்களிடம் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை. சொசைட்டியில் ஊற்றுவதானால் அங்கே கட்டுப்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

படி 2: உங்கள் மாட்டுக்கு உண்மையில் குறை இருக்கிறதா

400 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டை எடுத்துக்கொள்வோம். உடம்பைக் காப்பாற்ற ஒரு நாளைக்குச் சுமார் 320 கிராம் புரதம், ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் சுமார் 90 கிராம். பதினைந்து லிட்டர் என்றால் 1,670 கிராம்.

கம்பு நேப்பியர் பச்சைப் புல் 25 கிலோ போட்டால் அதில் 425 கிராம் அளவுக்கு வரும். வைக்கோலோ சோளத்தட்டோ 3 கிலோவில் நூறு கிராம்கூடத் தேறாது. மீதி 1,150 கிராம் அடர்தீவனத்திலிருந்து (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த தீவனம்) வர வேண்டும். இருபது சதவீதப் புரதமுள்ள தீவனம் ஆறு கிலோ போட்டால் கணக்கு நேராகிவிடும். பைபாஸ் பங்கும் இந்த அளவில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மீன் தூளுக்கு இங்கே வேலையில்லை.

அதே மாடு கன்று ஈன்ற முதல் மூன்று மாதத்தில் இருபது லிட்டர் கறந்தால் தேவை 2,120 கிராமுக்குப் போகும். அடர்தீவனம் எட்டு கிலோ ஆகிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் நார் குறைந்து, ரூமனில் புளிப்பு ஏறி, அசை போடுவது நின்றுவிடும். தீவனத்தின் அளவைக் கூட்ட வழியில்லாத இந்த இடத்தில்தான் பைபாஸ் புரதம் காசுக்குப் பலன் தரும்.

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: பால் பதினைந்து லிட்டருக்கு மேலா, ஈன்று நூறு நாளுக்குள்ளா, பச்சையும் அடர்தீவனமும் ஏற்கெனவே முழு அளவில் போகிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் தொடர்ந்து படியுங்கள். மாடு எலும்பு தெரிய மெலிந்துகொண்டே வருகிறது என்றால் குறை புரதத்தில் அல்ல, எரிசத்தில். முதலில் மக்காச்சோள மாவைக் கூட்டுங்கள்.

படி 3: மீன் தூளா, தேங்காய்ப் புண்ணாக்கா

நம் பகுதியில் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. செக்கில் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 முதல் 22 சதவீதம்தான். ஆனால் ஆட்டும்போது ஏறும் சூட்டில் அதில் பாதிக்கு மேல் பைபாஸாக மாறிவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அடர்தீவனம் கிலோ 30, தேங்காய்ப் புண்ணாக்கு 40, மீன் தூள் 90 ரூபாய் என்று வையுங்கள். அடர்தீவனத்தில் இரண்டு கிலோவை எடுத்துவிட்டுத் தேங்காய்ப் புண்ணாக்கு இரண்டு கிலோ வைத்தால், கூடுதல் பைபாஸ் சுமார் 80 கிராம், கூடுதல் செலவு 20 ரூபாய். 300 கிராம் அடர்தீவனத்தை எடுத்துவிட்டு 300 கிராம் மீன் தூள் வைத்தாலும் கிடைப்பது அதே 80 கிராம், செலவு 18 ரூபாய். எரிசத்து குறையாமல் இருந்தால் இந்த 80 கிராம் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பால் தரக்கூடும். அரை லிட்டர் கூடினாலே செலவு திரும்பிவிடும்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது எங்கள் ஓட்டு தேங்காய்ப் புண்ணாக்குக்கே. கலப்படம் கண்ணுக்குத் தெரியும், மாடு விரும்பித் தின்னும், கோவிலுக்குப் பால் கொடுப்பதில் சங்கடம் இல்லை. அதிலும் குறை உண்டு: லைசின் குறைவு, எண்ணெய் மிச்சம் சிக்கடித்துப்போகும், பூஞ்சை பிடித்த கொப்பரையை ஆட்டியிருந்தால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை விஷம் பாலுக்கு வரும். நாளுக்கு இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். லைசின் குறையைச் சரிக்கட்ட அடர்தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு கொஞ்சம் இருந்தால் போதும்.

புரதம் ரூமனில் உடையாதபடி பார்மலின் என்ற ரசாயனம் ஏற்றிய பைபாஸ் புண்ணாக்கும் மில்களில் கிடைக்கிறது. வாங்கிப் போடுங்கள், வீட்டில் பார்மலின் தெளித்துத் தயாரிக்காதீர்கள். அளவு கூடினால் புரதம் குடலிலும் செரிக்காமல் போகும். அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும்.

இருபது லிட்டரைத் தாண்டிய மாடு, தேங்காய்ப் புண்ணாக்கு ஏற்கெனவே இரண்டு கிலோ போகிறது, இன்னும் தாங்கும் என்று தெரிகிறது. மீன் தூள் அந்த மாட்டுக்குத்தான்.

படி 4: மீன் தூளைச் சோதித்து வாங்குதல்

மூட்டையாக வாங்கும் முன்பு அரைக் கிலோ மாதிரி வாங்குங்கள். நல்ல மீன் தூள் இளம் பழுப்பாக, கருவாட்டு வாசத்தோடு இருக்கும். கறுத்திருந்தால் தீய்ந்த சரக்கு. புரதம் இருந்தும் செரிக்காது. மூக்கைத் துளைக்கும் காறல் வாடை வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது.

கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி ஐந்து நிமிஷம் விடுங்கள். சதை மெதுவாகத் தணியும். மணலும் முள்ளும் சிப்பியும் உடனே அடியில் உட்காரும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு அடி வண்டலை விரலுக்கு இடையில் தேயுங்கள். முள் நொறுங்கும், மணல் நறநறக்கும். வண்டலில் கொஞ்சம் வினிகர் விட்டால் சிப்பி நுரைக்கும், மணல் சும்மா கிடக்கும். சின்ன மயிரோ, இறகுத் தண்டோ, கரகரப்பான நீலப்பச்சைத் துணுக்கோ தெரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். நீலப்பச்சைத் துணுக்கு பெரும்பாலும் பதனிட்ட தோல் கழிவு, அதில் குரோமியம் இருக்கும்.

புரதத்தைக் கூட்டிக் காட்ட யூரியா கலப்பதும் நடக்கிறது. வறுக்காத சோயாபீன்ஸை அரைத்த மாவு ஒரு ஸ்பூன், மீன் தூள் இரண்டு ஸ்பூன், நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர். மூடி போட்ட பாட்டிலில் கால் மணி நேரம் வைத்துத் திறந்து முகருங்கள். பச்சைச் சோயாவில் உள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அமோனியாவாக்கிவிடும். கண்ணில் குத்தும் வாடை வந்தால் கலப்படம். பழைய மீன் தூளில் இயல்பாகவே லேசான அமோனியா இருக்கலாம். அதனால் சோயா மாவு போடாத ஒரு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இதெல்லாம் வடிகட்டத்தான். மூட்டைக் கணக்கில் வாங்குவதானால் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் கேட்கலாம். கேட்க வேண்டியவை: மொத்தப் புரதம் 50 சதவீதத்துக்கு மேல், ஈரம் 10க்குள், மணல் 5க்குள், உப்பு 5க்குள். மொத்தப் புரதத்தோடு உண்மைப் புரதத்தையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் யூரியா புகுந்திருக்கிறது. நுண்ணோக்கியில் பாலூட்டி எலும்பும் மயிரும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதையெல்லாம்விட முக்கியம்.

வாங்கியதை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஆனி, ஆடிச் சாரலில் மீன் தூள் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், உள்ளே சூடேறும். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மூட்டைக்குள் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். எலி, பூனை, நாய் அண்டாமல் வைப்பது சால்மோனெல்லா என்ற கழிச்சல் கிருமியைத் தடுக்கவும் உதவும்.

படி 5: கொடுக்கும் முறை

ஈன்று பத்துப் பதினைந்து நாள் கழித்து, மாடு நன்றாகத் தீனி எடுக்கத் தொடங்கிய பிறகு ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாள் 50 கிராம், அடுத்த மூன்று நாள் 100, பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டி 300ல் நிறுத்துங்கள். மிகவும் கறக்கும் மாட்டுக்கு 400. அதுவே உச்சம். காலை மாலை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்.

வாடைக்கு மாடு முகத்தைத் திருப்பும். ஊறவைத்த தேங்காய்ப் புண்ணாக்கில் ஒரு கைப்பிடி வெல்லக் கரைசலோடு பிசைந்து, அதன் மேல் தவிட்டைத் தூவி வையுங்கள். தாழியை நக்கி முடித்ததும் கழுவிவிடுங்கள். ஒட்டிக் கிடக்கும் மிச்சம் மறுநாள் நாறினால் மாடு மொத்தத் தீனியையும் விட்டுவிடும். கறக்கும் முன்பு கொடுக்காதீர்கள், கறந்த பிறகுதான். பால் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மீன் தூளில் உப்பு இருப்பதால் தீவனத்தில் போடும் உப்பைப் பாதியாகக் குறையுங்கள், தண்ணீர் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். கால்சியமும் பாஸ்பரஸும் அதில் உண்டு என்றாலும் தாது உப்பை நிறுத்த வேண்டாம்.

ஈன்று நூறு நாள் கடந்து பால் பதினைந்துக்கு இறங்கியதும் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். வற்றிய மாட்டுக்குத் தேவையில்லை.

படி 6: பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

தொடங்கும் முன்பு ஒரு வாரத்துப் பால் அளவையும் சொசைட்டிச் சீட்டில் வரும் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) எண்களையும் நோட்டில் எழுதுங்கள். முழு அளவு கொடுக்க ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து அதே எண்களைப் பாருங்கள். பால் கூடவே இல்லையென்றால் அந்த மாட்டுக்குக் குறை வேறெங்கோ இருக்கிறது. மீன் தூளை நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

பால் கூடி கொழுப்பு இறங்கினால், 4.0 இருந்தது 3.6 ஆனது போல, அளவு அதிகம் அல்லது தூளில் எண்ணெய் அதிகம். மீன் எண்ணெய் ரூமன் நுண்ணுயிரிகளின் வேலையைத் திருப்பிவிடும். அப்போது உருவாகும் சில கொழுப்பு அமிலங்கள் மடியில் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும். பாதியாகக் குறைத்து, வைக்கோலை ஒரு கிலோ கூட்டுங்கள். பசும்பாலுக்குக் குறைந்தபட்சம் 3.2 கொழுப்பு, 8.3 எஸ்.என்.எஃப். இருக்க வேண்டும். மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில் பாலைச் சோதித்துத்தான் கேரளத்துக்குள் விடுகிறார்கள். கொழுப்பு கீழே போனால் சொசைட்டியில் விலை குறைவது மட்டுமல்ல, பாலே திரும்பி வரலாம்.

சாணி கூழாகி வாடை மாறினால் ஏற்றிய வேகம் அதிகம். ஒரு வாரத்துக்கு முன் கொடுத்த அளவுக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். தண்ணீர் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடித்தால் உப்பைச் சந்தேகியுங்கள். காய்ச்சலோடு கழிச்சலும் சாணியில் ரத்தமும் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மிச்சத் தூளைக் கொட்டிவிடாமல் சோதனைக்கு எடுத்து வையுங்கள்.

கன்றுகளுக்கு

மீன் தூளுக்கு உண்மையான இடம் கன்றின் தொடக்கத் தீவனம்தான். இளங்கன்றுக்கு ரூமன் இன்னும் வளரவில்லை, நுண்ணுயிரிப் புரதம் கிடையாது. மக்காச்சோளக் குருணை 50 கிலோ, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 8, மீன் தூள் 10, தாது உப்பு 2 என்று நூறு கிலோ கலந்தால் புரதம் 23 சதவீதத்தை ஒட்டி வரும். இரண்டாம் வாரத்திலிருந்து பாலோடு கூட ஒரு கைப்பிடி. மூன்று மாதத்தில் நாளுக்கு ஒரு கிலோவுக்குக் கொண்டுவரலாம். இதற்கு வாங்கும் மீன் தூள் இருப்பதிலேயே சுத்தமானதாக இருக்க வேண்டும், கன்றுக்கு சால்மோனெல்லா சட்டென்று பிடிக்கும். மீன் தூள் வேண்டாம் என்பவர்கள் அந்தப் பத்துக் கிலோவுக்குப் பதில் சோயாப் புண்ணாக்கு பன்னிரண்டு கிலோ போட்டு, மக்காச்சோளத்தில் இரண்டு கிலோ குறைத்துக்கொள்ளலாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் மோர்ப் பவுடரும் பால் பொருள் என்பதால் கன்றுக்கு எந்தத் தடையும் இல்லை.